சாக வேண்டிய தட்டு

நாற்பது இலைத்துண்டுகள் செத்துப்போனதற்காக எனக்கு மெமோ வந்தது. அவை சாக வேண்டியவை. சாகத்தான் வைத்திருந்தேன். அதை மட்டும் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

மெமோவைப் பழுப்பு உறையில் கொண்டுவந்த அலுவலக உதவியாளர், என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "மூணு நாள்ல பதில் குடுக்கணுமாம்மா" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே இப்படி இருந்தது: "ஒப்பீட்டுத் தட்டில் இருந்த நாற்பது இலைத்துண்டுகளும் தங்கள் பொறுப்பில் இருந்த காலத்தில் வெளுத்து இறந்துள்ளன. இதற்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும்."

வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறார். முப்பது வயதுக்கு மேல், லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளைப் பார்த்துத் தானாகவே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். அதனால் அவருக்கு மனசுக்குள் படிக்க வராது. எதைப் பார்த்தாலும் வாய்விட்டுத்தான் படிப்பார். பேருந்தில் போகும்போது கடைப்பலகை ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டே வருவார். படித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "சரியா படிச்சேனாம்மா?" என்பார். "சரிதான்ப்பா" என்பேன். பிழையாகப் படித்தால் திருத்தாமல் விடமாட்டேன். அது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.

என் நியமன ஆணையையும் அப்படித்தான் படித்தார். "எ... எந்நேரமும்... முன்ன... முன்னறி... முன்னறிவிப்பின்றி... நீக்... நீக்கப்படலாம். சரியா படிச்சேனாம்மா?"

"சரிதான்ப்பா."

"அப்படின்னா?"

"எல்லாருக்கும் போடறதுப்பா அது. சும்மா."

சும்மா இல்லை. அந்த ஒரு வரி என்னைக் கீறிவிட்டது. அதன்பின் தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டாலே யார் வருகிறார்கள் என்று எட்டிப்பார்ப்பேன்.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மண்ணில் ஒரு பாக்டீரியா இருக்கிறது. செடிக்குக் காயம் பட்டால், கசிகிற சாற்றை மோப்பம் பிடித்துக்கொண்டு அங்கே வரும். ஒட்டிக்கொண்டதும் தன் டி.என்.ஏ.வில் ஒரு நறுக்கை வெட்டி, குழாய் வைத்ததுபோலச் செடியின் செல்லுக்குள் அனுப்பும். செல்லின் மையக்கரு வாசலில் அந்த நறுக்கை யாரும் தடுப்பதில்லை. அது செடியின் சொந்த ஆட்கள் மாட்டியிருக்கிற அடையாளத்தையே மாட்டிக்கொண்டுதான் வருகிறது. உள்ளே போய்ச் செடியின் டி.என்.ஏ.வோடு தன்னைத் தைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நறுக்கு சொல்வதைச் செடி செய்யும். அந்தப் பாக்டீரியா தின்பதற்கென்றே ஓர் உணவைத் தன் உடம்பில் தயாரித்துக் கொடுக்கும். ஏன் தயாரிக்கிறோம் என்று செடிக்குத் தெரியாது.

எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லு" என்றார். "வந்து உக்காந்துக்குவான். நாம ஆக்கிப் போடணும்."

நாங்கள் வைத்திருப்பது பல் பிடுங்கிய மாப்பிள்ளை. அது அனுப்பும் நறுக்கிலிருந்து சமையல் உத்தரவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உப்பைத் தாங்கும் மரபணுவை வைத்திருந்தோம். உப்புத் தண்ணீரிலும் வாடாத தக்காளி வர வேண்டும். கூடவே கானமைசின் என்ற மருந்தைத் தாங்கும் மரபணுவும் அதில் இருந்தது. ஏனென்றால், நாற்பது இலைத்துண்டில் ஏழெட்டில்தான் நறுக்கு போய்ச் சேரும். எதில் சேர்ந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எல்லாவற்றையும் கானமைசின் கலந்த தட்டில் வைப்போம். நறுக்கு சேர்ந்தது பச்சையாக முளைக்கும். சேராதது வெளுத்துச் சாகும். மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க, பாக்டீரியா தொடாத வெறும் இலைகளை இன்னொரு தட்டில் அதே மருந்தில் வைப்போம். அதுதான் ஒப்பீட்டுத் தட்டு. அது முழுக்கச் செத்தால்தான் முதல் தட்டில் இருக்கும் பச்சையை நம்பலாம்.

என் முதல் தட்டில் நாற்பதுக்குப் பதினொன்று பச்சை. அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை. அடுத்த வாரம் மெமோ.

இந்த நிறுவனம் எப்படிப்பட்டது என்று எனக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். மரபணு இடமாற்றப் பதிவேடு என்று ஒன்று வந்த அன்றே புரிந்திருக்க வேண்டும். அதில் கட்டங்கள் இருந்தன. எந்தச் செல்லிலிருந்து, எந்தச் செல்லுக்கு, புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், உடன் சென்றவர். புறப்பட்ட நேரத்துக்கு நேராக "தெரியாது" என்று எழுதி அனுப்பினேன். "தெரியாது என்று எழுத விதியில் இடமில்லை" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. "காலை 10.40" என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். உடன் சென்றவர் என்ற கட்டத்தில் என் பெயரை அவர்களே எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது பயப்படத் தெரியவில்லை.

மெமோவுக்கு இரண்டு பக்கம் பதில் எழுதினேன். ராத்திரி பகலாக யோசித்து, ஆத்திரத்தை அடக்கி, அவர்களுக்குப் புரிகிற மொழியிலேயே எழுதினேன். "ஒப்பீட்டுத் தட்டு முழுவதுமாக இறப்பதே அதன் கடமையாகும். அது இறந்திருப்பது ஆய்வு செம்மையாக நடந்திருப்பதற்கான சான்றாகும்." எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. அந்த இரண்டு வாக்கியங்களை நான் எழுதாமல் இருந்திருக்கலாம்.

பதில் திருப்தியளிக்கவில்லை என்று மூவர் விசாரணைக்குழு போட்டார்கள். தலைவர் ஓய்வுபெற்ற நிர்வாக அதிகாரி. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் விடுப்பு விண்ணப்பங்களைச் சந்தேகப்பட்டே வயதானவர். மற்ற இருவரும் பிஸ்கட் சாப்பிட்டார்கள். மேஜை நடுவில் என் ஒப்பீட்டுத் தட்டு ஒரு வெள்ளைத் துணியின் மேல் கிடத்தப்பட்டிருந்தது.

"இதெல்லாம் எப்ப இறந்துச்சு?" என்றார் தலைவர்.

"ஒரேடியா இல்ல சார். பத்துப் பன்னெண்டு நாள்ல, கொஞ்சம் கொஞ்சமா."

"பத்து நாளா சாகறத பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"ஆமா சார். தினமும் குறிப்பு எடுத்தேன்."

"குறிப்பு எடுத்தீங்க. காப்பாத்தல."

"சார், இது காப்பாத்த வச்ச தட்டு இல்ல."

"அந்தத் தட்டுக்கு பாக்டீரியா குடுத்தீங்க. இந்தத் தட்டுக்கு ஏன் குடுக்கல?"

"குடுக்கக் கூடாது சார். அதான் முறை."

"யார் போட்ட முறை? ஆணை எண் என்ன?"

எனக்கு ஆணை எண் தெரியவில்லை. தலைவர் காகிதத்தைத் திருப்பினார். "சரி, இத விடுங்க. நல்லா வந்துச்சுன்னு நீங்க சொல்ற தட்டுலயே இருபத்தொம்பது செத்திருக்கே. அது எதனால?"

"மருந்தால சார்."

"மருந்த யார் போட்டது?"

"நான்தான் சார்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். மற்ற இருவரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான்கு நாள் கழித்து இயக்குநர் கூப்பிட்டார். அவர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் செடிகள் இருந்தன. வாடுவதில்லை என்பதால் வைத்திருந்தார்.

"உக்காருங்கம்மா. பயப்படாதீங்க" என்றார். அதைக் கேட்டதும் கூடுதலாகப் பயந்தேன். "சின்னப் பொண்ணு. கஷ்டப்பட்டு படிச்சு வந்திருக்கீங்க. உங்க மேல நடவடிக்கை எடுக்க எனக்கு மனசு வரல. நான் இந்த நாற்காலிக்கு வந்தப்ப இங்க வெற்றி விகிதம் இருபது சதவீதம். அது விஞ்ஞானம் இல்ல, அலட்சியம். உப்புத் தண்ணி சோதனைன்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. செடியெல்லாம் அங்கதான் செத்துக்கிட்டு இருந்துச்சு. மொதல் வேலையா அந்த சோதனைய நிறுத்தினேன். அதுக்கப்புறம் இந்த வளாகத்துல ஒரு செடி சாகல. நிர்வாகம்னா இதாம்மா."

"சார், அந்த மருந்து இல்லாம..."

"மருந்து போட்டாத்தான் சாகுதுன்னு நீங்களே விசாரணைல சொல்லியிருக்கீங்க. கையெழுத்தும் போட்டிருக்கீங்க. இனிமே போடாதீங்க."

"போடலன்னா எல்லாமே பச்சையா வரும் சார். எது மாறினது, எது மாறாததுன்னு யாருக்கும் தெரியாது."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "எல்லாமே பச்சையா வருமா?"

பழைய தட்டுகள் இரண்டையும் விசாரணை முடிந்த பொருட்கள் என்று எரித்துவிட்டார்கள். அந்தப் பதினொரு பச்சைத் துளிரும் அதோடு போயின. புதிதாக நாற்பது இலைத்துண்டுகளை நான்தான் வெட்டினேன். என் கையால்தான் பாக்டீரியாக் கரைசலில் முக்கி எடுத்தேன். மருந்து இல்லாத தட்டில் வைத்தேன். முன்னறிவிப்பின்றி என்ற வார்த்தை காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பதும் பச்சையாக முளைத்தன. நூறு சதவீதம். அவற்றைக் கணுக்கணுவாக வெட்டிப் பெருக்கி நானூறு நாற்றுகள் ஆக்கினோம். நுழைவாயிலில் பதாகை கட்டினார்கள்.

அந்த நாற்றுகளுக்காக நூறு குடும்பங்கள் காத்திருந்தன. உப்புப் பாய்ந்த நிலத்துக்காரர்கள். அவர்களில் ஓர் அம்மா மாதம் தவறாமல் வாசலில் வந்து நிற்பார். "இந்த வருஷம் வேற எதுவும் போடாம நிலத்த சும்மா வச்சிருக்கோம்மா. உங்க நாத்து வந்தாத்தான். தண்ணி கரிக்குது. எதுவும் நிக்க மாட்டேங்குது. இது நிக்கும்ல?" என்பார்.

"நிக்கும்" என்று முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்று வழங்கும் விழாவுக்குத் தேதி குறித்த பிறகு, அவர் வருகிற நாளில் பின்வாசல் வழியாகப் போனேன்.

விழாவில் ஒரு சான்றிதழ் கையெழுத்தாக வேண்டும். "இந்நாற்றுகள் அனைத்திலும் உப்பைத் தாங்கும் மரபணு சேர்ந்துள்ளது என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன்." கீழே "பொறுப்பு" என்ற இடத்தில் திட்ட உதவியாளர். அதாவது நான். இயக்குநரின் பெயர் "முன்னிலை" என்ற இடத்தில் இருந்தது. நாளைக்கு அந்த நிலங்களில் நாற்றுகள் கருகினால் முன்னிலைக்கு ஒன்றும் ஆகாது.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். நாற்பது தாய்நாற்றுகளிலிருந்தும் ஒவ்வொரு துளி இலை கிள்ளி, கானமைசின் கலந்த ஒரு தட்டில் வைத்தேன். தட்டின் மூடியில் பேனாவால் தேதி எழுதினேன். தட்டின் அடிப்பக்கத்தில் ஊசியால் கீறினேன்: "விழா நாற்று 40." எங்கள் இடத்தில் மூடிகள் மாறிவிடும். ஒருமுறை என் தட்டின் மூடி வேறொருவருடைய தட்டில் போய் உட்கார்ந்து, ஒரு மாத வேலை வீணானது. அதிலிருந்து அடியில் கீறாமல் நான் எந்தத் தட்டையும் வைப்பதில்லை.

பதினேழாம் நாள் திறந்து பார்த்தேன். ஒன்றுகூடப் பச்சை இல்லை. காகிதம் மாதிரி வெள்ளை. தடுக்க மருந்து இல்லாததால், நறுக்கு சேராத செல்களே முந்திக்கொண்டு முளைத்திருந்தன. வழக்கப்படி எண்ணி, அடியில் இன்னொரு வரி கீறினேன்: "சாவு 40."

கழுவுகிற அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றார். சொன்னேன். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "கொண்டு போய்க் காட்டு. கண்ணால பாத்தா நம்பித்தானே ஆகணும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தட்டை இயக்குநர் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"எவ்வளவு சுத்தமா செத்திருக்கு" என்றார்.

"சார், இது நம்ம விழா நாத்தோட இலை. ஒண்ணுலயும் மரபணு சேரல. வெறும் தக்காளி சார் இது."

"சிறப்பு விருந்தினர் ஒப்பீட்டுத் தட்டு எங்கன்னு கேப்பாராம். பழச எரிச்சுட்டோமேன்னு ரெண்டு நாளா தூக்கம் இல்ல எனக்கு. நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க."

"சார், இது ஒப்பீட்டுத் தட்டு இல்ல!"

அவர் கோபப்படவில்லை. கோப்பைத் திறந்து என் பழைய பதிலை எடுத்தார். சிவப்பு மையில் கோடு போட்டிருந்த வரியை நிதானமாகப் படித்தார். "ஒப்பீட்டுத் தட்டு முழுவதுமாக இறப்பதே அதன் கடமையாகும். இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். ஆனா..."

"இது முழுவதுமா இறந்திருக்கா?"

"இறந்திருக்கு சார்."

"அப்ப கடமைய செஞ்சிருக்கு. வேற என்னம்மா?"

அவருடைய உதவியாளர் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மூடியில் இருந்த தேதியைத் துடைத்துவிட்டு, கொட்டை எழுத்தில் "ஒப்பீடு" என்று எழுதினார். யாரும் தட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. அறையை விட்டு வெளியே வரும்போது இயக்குநர், "அப்பாவ கூட்டிட்டு வாங்க. முன்வரிசைல இடம் போட்டிருக்கு" என்றார்.

அன்று மாலை அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். விழாவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. "ஏம்மா, அந்தச் செடி உப்புத் தண்ணில நிக்குமா?" என்று கேட்டார்.

"அது சம்பந்தமான விவரங்கள் உரிய நேரத்துல தெரிவிக்கப்படும்" என்றேன்.

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப்பார்த்து, "யாருடி பேசினது?" என்றார்.

நான்தான் பேசினேன். என் வாய், என் குரல். ஆனால் அந்த வாக்கியம் என்னுடையது இல்லை. எழுந்துபோய்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. நறுக்கு உள்ளே போன செல்லும் வெளியிலிருந்து பார்த்தால் அப்படியேதான் இருக்கும். 10.40 என்று எழுதினேனே, அன்றைக்கே போயிருக்குமா? மருந்தை நிறுத்தச் சொன்னபோது தலையாட்டினேனே, அன்றைக்கா? இன்னும் நாலு வருடம் போனால் நானும் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, பிளாஸ்டிக் செடி வளர்த்து, எதிரே நிற்கும் பெண்ணிடம் பயப்படாதே என்று சொல்வேனா? என்னைச் சோதிக்க ஒரு மருந்துத் தட்டு கிடையாது. அந்த நான்கு நாளும் நான் வீட்டில் யாரிடமும் நீளமாகப் பேசவில்லை. என்ன வாக்கியம் வெளியே வருமோ என்று பயம்.

விழா மேடைக்குப் பின்னால் பெரிய திரை. கேமரா பிடிப்பது அதில் உடனே தெரியும். மேடைக்குக் கீழே ஒளிப்பதிவாளர் கேமராவோடு குந்தியிருந்தார். முன்வரிசையில் அப்பா. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உப்பு நிலத்து அம்மா. வீட்டுக்குக் கொண்டுபோக நான்கு நாற்றுகள் கொண்ட தட்டு ஏற்கெனவே அவர் மடியில் இருந்தது. அதைத் தூக்கம் கலையாத குழந்தை மாதிரிப் பிடித்திருந்தார். அப்பா திரையில் வந்த நிறுவனப் பெயரை, பதவிகளை, வாழ்த்துகளை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் யாரோ "ஷ்ஷ்" என்றார்கள்.

இயக்குநர் பேசினார். "தோல்வி என்பதையே அறியாத நிறுவனம் இது. ஏனென்றால் தோல்விக்கு இங்கே நாங்கள் இடம் ஒதுக்கவில்லை!" கைதட்டல். "இன்று ஒப்பீட்டுத் தட்டுகூடத் தன் கடமையைச் செய்திருக்கிறது!" இன்னும் பலத்த கைதட்டல். எதற்குத் தட்டுகிறோம் என்று தட்டியவர்களுக்குத் தெரியாது.

என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள். வெல்வெட் விரித்த தாம்பாளத்தில் சான்றிதழும் பேனாவும் வந்தன. பேனாவை எடுத்தேன். மூடி கழலவில்லை. விரலில் வியர்வை. அப்பாவைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து அந்த அம்மாவைப் பார்த்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது சிறப்பு விருந்தினர் மேடை மேஜையில் இருந்த இரண்டு தட்டுகளையும் கையில் எடுத்தார். இடக்கையில் விழா நாற்றின் பச்சைத் துளிர்கள். வலக்கையில் வெள்ளை. கேமராவுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, கோப்பை ஜெயித்தவர் மாதிரி இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். முகம் கேமராவைப் பார்த்துச் சிரித்தது. கீழே குந்தியிருந்த ஒளிப்பதிவாளர் வெள்ளைத் தட்டை நெருங்கிப் பிடித்தார். மேடை விளக்கு தட்டுக்குள் புகுந்து வந்ததில், அடியில் ஊசியால் கீறிய கோடுகள் பளிச்சென்று எரிந்தன. திரை முழுவதும் என் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஆள் உயரம்.

அரங்கம் நிறையப் படித்தவர்கள். முனைவர்கள், பேராசிரியர்கள், மூன்று துறைத்தலைவர்கள். அத்தனை பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் படிக்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் மிச்சம் இருந்தது.

"வி... ழா. விழா. நா... நாற்... நாற்று. விழா நாற்று... நாப்பது."

இயக்குநர் திரும்பித் திரையைப் பார்த்தார். அவர் உதவியாளர் ஒளிப்பதிவாளரை நோக்கிக் கையை ஆட்டினார். ஒளிப்பதிவாளரோ, இன்னும் நெருங்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து இன்னும் நெருங்கினார்.

"சா... சாவு." எண்களில் அப்பாவுக்குத் தடுக்காது. பதினெட்டு வருடம் எண்களோடுதான் மேலும் கீழும் போய்வந்தவர். "சாவு நாப்பது."

உப்பு நிலத்து அம்மா அப்பா பக்கம் குனிந்து, "என்னங்க சொல்றீங்க? எந்த நாத்து?" என்றார். மடியில் இருந்த தட்டைப் பார்த்தார். பிறகு திரையை. பிறகு என்னை.

இயக்குநர் என்னருகில் வந்து உதடு அசையாமல், "கையெழுத்து போடுங்கம்மா. போட்டுட்டு எறங்குங்க" என்றார். என் உள்ளுக்குள் ஒரு வாக்கியம் தயாராக, இலக்கணச் சுத்தமாக எழுந்து வந்தது: அது பழைய ஆய்வு தொடர்பான குறிப்பு, இன்றைய நிகழ்ச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தொண்டையைச் செருமினேன். அரங்கம் முழுக்க அந்தச் செருமல் கேட்டது.

அப்பாவுக்கு மேடை, விருந்தினர், இயக்குநர் எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு வரியைக் கஷ்டப்பட்டுக் கூட்டி முடித்த ஆள் அவர். வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்.

"சரியா படிச்சேனாம்மா?"

பேனா கையிலிருந்து நழுவித் தாம்பாளத்தில் விழுந்து உருண்டது. மைக் என் வாய்க்கு நேராக இருந்தது.

"சரிதான்ப்பா" என்றேன்.